கேஸ்கட் உட்காரும் இடம்

எங்கிருந்து எழுந்தாலும் அப்பா தான் இருந்த இடத்தை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். சர்ச்சில் ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலுக்கு நகரும்போது பார்ப்பார். கல்யாணப் பந்தியிலிருந்து எழும்போதும், டீக்கடைப் பெஞ்சை விட்டு எழும்போதும் பார்ப்பார். எதையாவது மறந்து வைத்துவிட்டோமா என்று தேடுகிற பார்வை இல்லை அது. நேராகத் தரையைப் பார்ப்பார்.

"இன்னாத்த பாக்குற? முட்டை கிட்டை போட்டு வெச்சிட்டியா?" என்று அம்மா கேட்பாள்.

அப்பா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார். சின்ன வயதில் அதைச் சுத்தம் பார்க்கிற குணம் என்று நினைத்திருந்தேன். காலேஜ் படிக்கும்போதுதான் புரிந்தது. எண்ணெய் ஒழுகுகிற வண்டியைப் பல வருடம் ஓட்டியவர் அவர். எங்கே நிறுத்தினாலும், எடுக்கும்போது கீழே கறை விட்டிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, பிறகு வண்டி இல்லாத இடத்திலும் கழுத்து தானாகத் திரும்பத் தொடங்கிவிட்டது.

அப்பாவின் பெயர் சுந்தர்ராஜ். அவருடைய அப்பா ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு தோல்ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று தோல் புரட்டியவர். சுண்ணாம்பு அரித்த அந்தக் கால்களைப் பார்த்துத்தான் அப்பா தோல்ஷாப் பக்கம் போகமாட்டேன் என்று டிரைவிங் கற்றுக்கொண்டார். யார் யாருடைய வண்டிகளையோ ஓட்டிவிட்டுக் கடைசியில் சொந்தமாக ஒரு பழைய டீசல் வேன் வாங்கினார். வாங்கும்போதே அது நாலு கை மாறி வந்திருந்தது. விடிவதற்கு முன் ஒடுகத்தூர் போய், வழியெல்லாம் நிற்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு மாதனூர் வழியாக ஆம்பூர் ஷூ கம்பெனி கேட்டில் இறக்குவார். சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவார். அம்மா கிரேஸி அதே கம்பெனியில் ஸ்டிச்சிங்கில் இருக்கிறாள். நான் ஃபீபி. பி.காம் முடித்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. அதற்கான சான்றிதழைத் தாலுகா ஆபீசில் வாங்கி வந்த அன்று அப்பா அதை வேன் டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு ஒடுகத்தூர் வரை போய்வந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மா, காத்தாட" என்றார்.

காத்தாடியதோடு சரி. படித்து முடித்த பிறகு வேலூருக்கும் ராணிப்பேட்டைக்கும் இன்டர்வியூ போய்ப் போய் வந்தேன். திரும்பி வரும்போது மாதனூர் கூட்டுரோட்டில் இறங்கி அப்பாவின் வேனுக்காகக் காத்திருப்பேன். எப்படி ஆயிற்று என்று அவர் கேட்கமாட்டார். முன்சீட்டில் இருக்கிற துண்டை எடுத்து எனக்கு இடம் விடுவார். இரண்டு பேருமே களைத்திருப்போம். ஆம்பூர் வரும்வரை எஞ்சின் சத்தம் மட்டும் கேட்கும்.

அந்த எஞ்சினின் மேல்மூடி வழியாகத்தான் எண்ணெய் ஒழுகியது. டாப்பட் கவர் என்பார்கள். அந்த மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் எண்ணெய் கசியாமல் அடைக்கிற ஒரு கேஸ்கட் உட்காரும். பழையது காய்ந்து வெடித்தபோதெல்லாம் அப்பா அவசரத்துக்கு வழியில் கிடைத்த யாரிடமாவது புது கேஸ்கட் போடச் சொல்வார். அவர்கள் பழையதை முழுக்கச் சுரண்டாமல், மிச்சத்தின் மேலேயே பேஸ்ட்டைத் தடவி வைத்து இறுக்கிவிடுவார்கள். கொஞ்ச நாள் நிற்கும். பிறகு எண்ணெய் எஞ்சின் உடம்பு வழியாக இறங்கிக் கீழே சொட்டும். நின்ற இடத்திலெல்லாம் கருப்பாக ஒரு வட்டம் விழும்.

கம்பெனியில் வண்டிகளுக்குப் பொறுப்பு கோபி. முப்பத்தைந்து வயதிருக்கும், மரியாதையாகப் பேசுகிறவர். வாசலில் புதிதாகக் கல் பதித்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிற பையர் ஆட்கள் சோதனைக்கு வரப்போகிறார்கள் என்று ஒவ்வொரு வேனும் நிற்கிற இடத்தில் பழைய ஷூ பெட்டி அட்டையை விரித்துவைத்தார் கோபி. பெண்கள் இறங்கி முடித்து வேன் நகர்ந்ததும் அட்டையைத் தூக்கிப் பார்ப்பார். அப்பாவின் அட்டையில் மட்டும் கறை இருந்தது.

"அண்ணே, திங்கக்கிழமை பையர் வர்றாங்க. அன்னிக்கு ஒரு சொட்டு தெரிஞ்சாலும் உங்க ரூட்டத் தூக்கிக் குடியாத்தம் வண்டிக்காரருக்குக் குடுத்துருவாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது. கோவிச்சுக்காதீங்க."

அந்த ரூட் போனால் வேனுக்கு வேறு பிழைப்பு இல்லை. கல்யாண சீசனில் ஓட்டுவதற்கும் ஏசி வைத்த வண்டி வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் பெண்களை விட்டுவிட்டு அப்பா நேராக மெக்கானிக் சர்தார் பாஷாவின் ஷெட்டுக்குப் போனார்.

பாஷா பாயின் ஷெட் பழைய நெடுஞ்சாலையில் இருக்கிறது. கம்பெனியின் வேன்கள் எல்லாம் அப்போது அவரிடம்தான் போய்க்கொண்டிருந்தன. வேலை சுத்தம், ஆனால் அவசரம் ஆகாது. வாய் மட்டும் வேகமாக ஓடும். வேலைக்கும் வாய்க்கும் தனித்தனி எஞ்சின் என்று அம்மா சொல்வாள்.

மூடியைக் கழற்றிவிட்டு அவர் அப்பாவைப் பார்த்தார். "இன்னா சுந்தரு இது? ஒண்ணு மேல ஒண்ணா எத்தினி கேஸ்கட்? பரோட்டாவா போட்டு வெச்சிருக்க?"

"எனக்கு இன்னா தெரியும் பாய். போட்டவனக் கேளு."

"போட்டவன் போய்ட்டான். உன் வண்டிதான் அழுவுது."

பழைய கேஸ்கட் ஒட்டியிருந்த விளிம்பு முழுவதிலும் தின்னரைத் தடவி ஊறவிட்டார். உள்ளே தெரிந்த பள்ளங்களில் எல்லாம் துணியைத் திணித்து அடைத்தார். பித்தளைத் தகடு ஒன்றால் மெதுவாகத் தள்ளினார். ஊறின இடம் மட்டும் சின்னச் சின்னத் துணுக்காகக் கழன்று வந்தது. இருட்டியதும் நிறுத்திவிட்டார்.

"மீதி நாளிக்கு. காலைல வாணியம்பாடில என் தங்கச்சி பொண்ணு நிக்காஹ். முடிச்சிட்டு மத்தியானம் வந்துர்றேன். நீ ஒண்ணும் நோண்டாத. இது அலுமினியம், பொண்ணு கன்னம் மாதிரி. பிளேடு போட்டா கீறும். உப்புப் பேப்பர் போட்டு மட்டும் தேச்சிராத, தூள் உள்ள எறங்கிடும்."

"சரி பாய்."

ஞாயிற்றுக்கிழமை அப்பா சர்ச்சுக்கு வரவில்லை. எனக்கு நினைவு தெரிந்து உடம்பு நன்றாக இருக்கும்போது அவர் ஆராதனைக்கு வராத முதல் ஞாயிறு அதுதான். சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நான் ஷெட்டுக்குப் போனபோது பகல் சாயத் தொடங்கியிருந்தது. பாஷா பாய் வரவில்லை. போன் எடுக்கவும் இல்லை. அப்பா திறந்து கிடந்த எஞ்சினுக்கு முன்னால் குந்தியிருந்தார். சாப்பிடவில்லை.

"வந்துருவாருப்பா."

"எப்ப வர்றது? இது ஊறி, சொரண்டி, அப்புறம் பேஸ்ட் காயணும். காலைல மூணரைக்கு வண்டி எடுக்கணும் ஃபீபி."

எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் பஃபிங் பேப்பர் இருந்தது. தோல்ஷாப் இருக்கிற ஊர்களில் அது இல்லாத வீடு கிடையாது. தோலைத் தேய்த்து மழமழப்பாக்குகிற மெஷினில் சுற்றுகிற உப்புத்தாள் அது. தேய்ந்து தூக்கிப்போட்டதை ஆட்கள் வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். அடிப்பிடித்த சட்டி, அரிவாள்மணை, துருப்பிடித்த கேட், எதுவானாலும் அதை வைத்துத் தேய்ப்பதுதான் எங்கள் பழக்கம். எங்கள் வீட்டில் துவைக்கிற கல்லுக்கு மேலே ஒரு சுருள் எப்போதும் தொங்கும்.

அப்பா அதைக் கிழித்து மடித்து விளிம்பைத் தேய்க்க ஆரம்பித்தார். வேகமாக வந்தது. பாய் நகத்தளவு நகத்தளவாக எடுத்ததை அப்பா கை நீளத்துக்கு எடுத்தார். மூலைகளில் அடைத்திருந்த துணி தடுத்தபோது அதைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டார். தேய்த்த இடம் புது எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னியது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. முந்தின நாள் பாய் சொன்னது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. அப்பா சட்டை நுனியால் துடைத்துவிட்டு, பேப்பர் துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கிப் பையில் வைத்துக்கொண்டார். ஏன் பொறுக்குகிறார் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பாஷா பாய் புதுச் சட்டையும் அத்தருமாக வந்து இறங்கினார். கையில் பிரியாணிப் பொட்டலம்.

"மாப்ள வீட்டுக்காரன் லேட்டு, அதனால நானும் லேட்டு. இந்தா ஃபீபிமா, சாப்பாடு." அப்புறம்தான் எஞ்சினைப் பார்த்தார். "அரே! யாரு பண்ணது?"

"நான்தான் பாய்."

"இன்னாத்துல?"

"உன் பித்தளைத் தகடுதான். காலைலேர்ந்து சொரண்டினேன்."

"பேப்பர் கீப்பர் போடலியே?"

"சே, சே."

பாய் குனிந்து விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. டிரைவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் நடுவில் இருக்கிற ஏதோ ரோஷம், அதற்காக மறைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"பரவால்ல சுந்தரு. கை வந்துருச்சு உனக்கு. நாளைலேர்ந்து எனக்குப் பக்கத்துல ஷெட்டு போட்றாத."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரே கேஸ்கட் வைத்து, பேஸ்ட் தடவி, மூடியைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். திங்கட்கிழமை அட்டையில் ஒரு சொட்டும் இல்லை. கோபி அட்டையைத் தூக்கி அப்பாவுக்குக் காட்டினாராம். பையர் ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். ரூட் கைவிட்டுப் போகவில்லை. அந்த வாரம் அப்பா வீட்டுக்கு மாட்டுக்கறி வாங்கி வந்தார்.

மழை தொடங்கியபோது எஞ்சினில் ஒரு சத்தம் வந்தது. முதலில் ஏற்றத்தில் மட்டும் தட்டியது. பிறகு சும்மா நிற்கும்போதும் தட்டியது. ஒரு விடிகாலை மாதனூருக்கு முன்னால், வண்டி நிறையப் பெண்களோடு, டேஷ்போர்டில் எண்ணெய்க்கான எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகு கொஞ்ச தூரம்தான் ஓடியது. எஞ்சின் இறுகிப்போய் நின்றுவிட்டது. பெண்கள் மழையில் நனைந்துகொண்டு பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் ஓடினார்கள். அன்று ஸ்டிச்சிங்கில் ஒரு லைனே பாதி காலியாக இருந்தது என்று அம்மா சொன்னாள். கோபிக்கு மேலிடத்தில் நல்ல திட்டு.

"போன மாசம்தானே வேலை பாத்தீங்க? யாருண்ணே கை வெச்சது?" என்று கோபி கேட்டார்.

"பாஷா பாய் ஷெட்டுல" என்றார் அப்பா.

அவ்வளவுதான் சொன்னார். நான் அந்தப் பதிலைப் பலமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். அதில் பொய்யான சொல் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வாரமே கம்பெனியின் எல்லா வேன்களும் பாஷா பாயிடம் போவது நின்றது. பைபாஸில் இருக்கிற வேறொரு ஷெட்டுக்குப் போக ஆரம்பித்தன.

வேனை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தியது பாஷா பாயிடம்தான். வேறு யாரிடம் போவார் அப்பா? நானும் கூடப் போயிருந்தேன். பாய் அன்று அதிகம் பேசவில்லை. அடியில் எண்ணெய் தேங்குகிற ஆயில் சேம்பரைக் கழற்றினார். எண்ணெய் உறிஞ்சுகிற குழாயின் வலையில் பழைய கேஸ்கட் துணுக்குகள் அப்பியிருந்தன. சேம்பர் அடியில் தங்கியிருந்த கசடை இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு,

"சுந்தரு, கைய நீட்டு" என்றார்.

அப்பா நீட்டினார். பாய் அதை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"தேச்சுப் பாரு. இன்னா தெரியுது?"

அப்பா தேய்க்கவில்லை.

"நரநரங்குது இல்ல? என் ஷெட்டு மண்ணு இப்பிடி இருக்காது. இது இன்னான்னு நம்ம ஊர்ல பொறந்த கொழந்தைக்கும் தெரியும்."

அப்பா உள்ளங்கையை மூடிக்கொண்டார். "தப்பாயிருச்சு பாய்."

"அன்னிக்கு நான் கேட்டேனா இல்லியா? சொல்லியிருந்தா இந்தச் சேம்பரைக் கழட்டிக் கழுவிக் குடுத்துருப்பேன். ஒரு நாள் வேலை."

"அந்த ஒரு நாள்தான் பாய் எங்கிட்ட இல்ல."

பாஷா பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார்.

"சரி வுடு. எஞ்சின் போச்சு, அது உன் பேஜார். எனக்கு நீ ஒண்ணும் குடுக்க வாணாம். கோபிகிட்ட போய் ஒரே ஒரு வார்த்தை சொல்லு. பாஷா வேலை இல்ல, நான் தேச்சதுன்னு. அது போதும்."

"சொல்றேன் பாய். திங்கக்கிழமை போய்ச் சொல்லிட்றேன்."

சொல்லத்தான் நினைத்தார். திங்கட்கிழமை நல்ல சட்டை போட்டுக்கொண்டு கோபியைப் பார்க்கப் போனார். அவர் வாயைத் திறப்பதற்கு முன் கோபி முந்திக்கொண்டார். "அண்ணே, மெக்கானிக் பண்ண தப்புக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க? இத்தினி வருஷம் ஒரு நாளும் லேட் பண்ணதில்ல நீங்க. கம்பெனி வேன் ஒண்ணு சும்மா நிக்குது, ஓட்றீங்களா?"

அப்பா சரி என்றார். அதே ஒடுகத்தூர் ரூட், அதே பெண்கள், கம்பெனி வண்டி. சொந்த வேனைப் பழைய இரும்புக்குப் போட்டோம். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது அம்மா கேட்டாள்.

"பாய் விஷயம் சொன்னியா?"

"அவுரே மெக்கானிக் தப்புன்னு சொல்லித்தான வேலை குடுக்குறாரு. இல்ல, நான்தான்னு அந்த நேரத்துல எப்பிடிச் சொல்றது?"

"அப்ப எப்ப சொல்லுவ?"

"கொஞ்சம் கால் ஊணிக்கிறேன் கிரேஸி."

முதலில் கிறிஸ்துமஸ் கழியட்டும் என்றார். பிறகு ஈஸ்டர் என்றார். அதற்குப் பிறகு வேறு மாதிரிச் சொல்ல ஆரம்பித்தார். "ஃபீபிக்கு ஒரு வேலை கெடைக்கட்டும். அப்புறம் எனக்கு இன்னா பயம்? நேரா போய்ச் சொல்லிட்றேன்." அதை அவர் அம்மாவிடம்தான் சொன்னார். நான் உள்ளே குரூப் ஃபோர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு முறையும் எனக்கு ரிசல்ட் வந்து பெயர் இல்லாதபோது, அந்த வார்த்தையும் சேர்ந்து தள்ளிப்போயிற்று. நான் இன்னும் கொஞ்சம் நன்றாகப் படித்திருந்தால் அப்பா சொல்லியிருப்பாரா? அல்லது அதற்குப் பிறகும் வேறொரு தேதியைச் சொல்லியிருப்பாரா? எனக்குத் தெரியவில்லை. இரண்டு விதமாகவும் நினைத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் ஆறுதல் இல்லை.

பாஷா பாய் சண்டைக்கு வரவில்லை. ஒருமுறை பஜாரில் டீக்கடையில் நானும் அப்பாவும் நின்றபோது எதிரே வந்தார். கம்பெனி வேன்கள் போன பிறகு அவரிடம் ஷேர் ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும்தான் வந்துகொண்டிருந்தன. மகன் நவீத் ஷெட்டில் வேலை கம்மி என்று பெங்களூருக்குப் போய்விட்டான்.

"இன்னா சுந்தரு, அந்த வார்த்தைய சர்வீஸுக்கு வுட்டிருக்கியா? இன்னும் டெலிவரி வரல?"

டீக்கடைக்காரர் எதுவும் புரியாமல் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். "வரும் பாய், வரும்" என்றார். டம்ளரில் பாதி டீ அப்படியே இருந்தது. அதை வைத்துவிட்டு நடந்தார். அன்றிலிருந்து பழைய நெடுஞ்சாலை வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார். ஏற்கெனவே களைத்த மனிதர், தினமும் அந்தச் சுற்றையும் சேர்த்துக்கொண்டார்.

போன கோடையில் ஒரு காலை, பெண்களை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தவர் நெஞ்சு அடைக்கிறது என்றார். ஆட்டோவில் ஏற்றி வேலூருக்குக் கொண்டுபோனோம். பள்ளிகொண்டா தாண்டும்போது என் தோளில் சாய்ந்திருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது உயிர் இல்லை.

அடக்கத்துக்குக் கம்பெனியிலிருந்து மாலையோடு கோபி வந்தார். ஒடுகத்தூர் பெண்கள் வந்தார்கள். பாஷா பாயும் வந்தார். பந்தலின் ஓரத்தில் தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நின்றார். கோபி என்னிடம் வந்து தணிந்த குரலில் பேசினார்.

"உங்கப்பா மாதிரி ஆளு கெடைக்கமாட்டாங்கம்மா. அந்த வேன மட்டும் ஒழுங்கான ஆளுகிட்டக் குடுத்திருந்தாருன்னா, கடைசி வரைக்கும் சொந்த வண்டியிலயே இருந்திருப்பாரு."

பாஷா பாய் கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றிருந்தார். கேட்டிருக்கும். அவர் கோபியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்க ஆள் கூப்பிட்டபோது முன்னால் போய்த் தோள் கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்துக் கோபி அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். அக்கவுண்ட்ஸில் ஒரு இடம் இருக்கிறது, ஃபீபி வந்து பார்க்கட்டும், சுந்தர்ராஜ் அண்ணன் பெண் என்றால் மேலே யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அப்பா காத்திருந்த வேலை இதுதான் என்று அம்மா அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ போய்ச் சொல்லிடேன்" என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை.

நான் இன்னும் போகவில்லை. போனால் முதலில் எதைச் சொல்வது, அது சொன்ன பிறகு அந்த இடம் இருக்குமா என்பதெல்லாம் ஒரு பக்கம். நான் சொன்னால் அது எஞ்சினைத் தேய்த்தவர் சொன்னதாகுமா என்பது இன்னொரு பக்கம். பாஷா பாய் கேட்டது அப்பாவின் வாயிலிருந்து ஒரு வார்த்தை. இதை எழுதுகிற இன்றைக்கும் கம்பெனி வேன்கள் அவருடைய ஷெட்டைத் தாண்டி பைபாஸுக்குத்தான் போகின்றன. கோபியின் கணக்கில் அந்த எஞ்சினைக் கெடுத்தவர் இன்னும் சர்தார் பாஷாதான்.